பழைய குரல்

அன்று செவ்வாயா புதனா என்பது சரியாக நினைவில்லை. தொண்டை மருத்துவரின் காத்திருப்பு அறையில், ஒன்பது வருடமாக வரும் அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது என்பது மட்டும் நிச்சயம். கதாநாயகனாகப் புது நடிகர் வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

"மூஞ்சிகூடப் பரவாயில்லக்கா. குரலைக் கேளேன், தகர டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி," என்றாள் தங்கை.

"பழைய ஆளு 'அம்மா'ன்னு கூப்பிட்டா, எனக்கே 'என்னப்பா'ன்னு கேக்கத் தோணும்டி," என்றாள் அக்கா. "தெருவுல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி டிவிக்கு லெட்டர் போட்டுட்டேன்."

தொண்டை சரியாகாவிட்டால் வேலை போய்விடுமே என்ற கவலையில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அக்கா அவரிடம் திரும்பினாள்.

"நீங்களே சொல்லுங்க சார், அந்தக் குரல் எங்கே, இது எங்கே?"

அவர் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டு, தொண்டையைத் தொட்டுக் கையசைத்தார்.

"பாவம், பேச வராது போலடி."

பேச வரும். ஒரு வாரம் பேசக்கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. பழைய நடிகருக்கு ஒன்பது வருடமும், புதியவருக்குப் பத்து நாளும் பின்னணிக் குரல் கொடுத்தவர் அவர் ஒருவரே.

கடிதங்கள் குவிந்ததும் அவரை நீக்கிவிட்டு, வேறொருவரைக் குரல் கொடுக்க வைத்தார்கள். "பழைய குரலே திரும்பி வந்துடுச்சு" என்று அக்காவும் தங்கையும் ஒரு நாள் விடாமல் பார்க்கிறார்கள். புது நடிகர் நிலைத்துவிட்டார். வேலை போன பின்னணிக் குரல்காரருக்குத் தொண்டை குணமாகிவிட்டது. இப்போது ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கிறார். பயணிகள் தாமதமாக வரும் வண்டியைத்தான் திட்டுகிறார்கள். குரலை யாரும் குறை சொல்வதில்லை.