திங்கட்கிழமை நோய்

ஏட்டு மறுபடியும் வாந்தி எடுத்துவிட்டது.

ஏட்டு என்பது நாய். ரிட்டையர்டு இன்ஸ்பெக்டர் வீட்டு நாய்க்கு வேறென்ன பெயர் இருக்கும்? வாசல் மிதியடி மேல் சுருண்டு கிடந்தது. கூப்பிட்டால் வால் நுனியை மட்டும் ஆட்டியது.

"மூணாவது திங்கட்கிழமை!" என்று இன்ஸ்பெக்டர் நோட்டைத் தட்டினார். வேலையை விட்டு எட்டு மாதமாகியும் மனுஷன் நோட்டை விடவில்லை. "மத்த நாள்ல நல்லா ஓடுறான், குரைக்கிறான். திங்கக்கிழமை ஆனா படுத்துடறான். ஏன்?"

"எனக்கென்னங்க தெரியும்? முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம்" என்றாள் மனைவி.

"இரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாடியில என்ன நடக்குது?"

"வயலின் கிளாஸ்."

"அப்ப நம்ம ஏட்டு என்ன பண்றான்?"

"கூடவே ஊளை விடுறான்."

"போன மாசம் அந்த டீச்சர் என்ன சொன்னாங்க? 'இந்த நாயை ஏதாவது பண்ணுங்க சார்'னாங்க. நான் ஒண்ணும் பண்ணல. அவங்களே பண்ணிட்டாங்க!"

"அய்யய்ய, சும்மா இருங்க. எறும்பைக் கண்டாலே ஒதுங்கி நடக்கிற பொண்ணு அது."

"என் சர்வீஸ்ல நான் பிடிச்சவன் எல்லாம் அப்படித்தான் நடந்தான்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடி ஏறினார். மனைவி பின்னாலேயே ஓடினாள்.

வாடகைக்கு இருக்கும் வயலின் டீச்சர் கதவைத் திறந்தாள். கதவோரம் தொட்டியில் ஒரு ரோஜாச்செடி கருகிப்போய் நின்றது. இன்ஸ்பெக்டர் கண்ணிலிருந்து எது தப்பும்?

"இந்தச் செடி ஏன் இப்படி ஆச்சு? பூச்சிமருந்தா?"

"இல்ல சார்... அது வந்து..."

"எது வந்து?"

டீச்சர் அவரைப் பார்த்தாள். பின்னால் மூச்சு வாங்க நின்ற அவர் மனைவியைப் பார்த்தாள். 

"முழிக்கிற முழியைப் பாரு! நல்லாப் பழகினோமே டீச்சர். ஞாயித்துக்கிழமை தவறாம என் கையால சூப் வச்சு, உங்களுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தேனே! அதுக்கு என் நாய்க்கு மருந்து வைக்கிறீங்களா?"

"நான் எதுவும் வைக்கல சார்."

"அப்ப செடி ஏன் கருகிச்சு? சொல்லுங்க."

"அதைச் சொல்ல முடியாது சார்."

"இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்ணிடுங்க!"

"என்னங்க இது அநியாயம்!" என்று மனைவி பதறினாள். "பத்துப் பிள்ளைங்க படிக்க வருது. திடீர்னு அந்தப் பொண்ணு எங்க போகும்?"

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "சரி சார். பண்ணிடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

"பார்த்தியா, ஒத்துக்கிட்டாச்சு!" என்று மார்தட்டிக்கொண்டே இறங்கி வந்தார் இன்ஸ்பெக்டர்.

கால்நடை டாக்டர் ஏட்டுவின் வாயைத் திறந்தார். திறந்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாய்க்கு வெங்காயமும் பூண்டும் யார் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கல டாக்டர்."

"இந்த நெடி அடிக்குதே! அது ரெண்டும் நாய்க்கு ஆகவே ஆகாது. இன்னும் ரெண்டு தடவை போயிருந்தா உயிருக்கே ஆபத்து."

"மாடியிலிருந்து வெங்காயம் வீசியிருக்காங்க!" என்று இன்ஸ்பெக்டர் துள்ளினார். "ஒரு மாசமெல்லாம் முடியாது. இன்னிக்கே காலி பண்ணச் சொல்றேன்."

"நில்லுங்க!" என்றாள் மனைவி. "டீச்சர் இல்லைங்க. நான்தான்."

"நீயா?"

"ஆகாதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. உங்க சூப்பு... நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் ஏட்டு தட்டுல ஊத்திடுவேன்."

மூன்று வாரமாக எல்லாவற்றையும் நோட்டில் எழுதியவர், பன்னிரண்டு வெங்காயமும் நாலு முழுப் பூண்டும் கைப்பிடி உப்பும் போட்ட தன் சூப்பை மட்டும் எழுதவில்லை.

"பிரமாதம், பிரமாதம்னு சொன்னியே!"

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? ரிட்டையர் ஆனதிலிருந்து சுவத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. சூப் வைக்க ஆரம்பிச்சப்புறம்தான் சிரிச்சீங்க. அதைக் கெடுக்க மனசு வரல."

டாக்டர் ரொம்ப அக்கறையாக ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியதும் இன்ஸ்பெக்டர் நேராக மாடி ஏறினார். இந்தத் தடவை படி நிறைய இருந்ததுபோலத் தோன்றியது. மேலே, டீச்சர் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அதை எல்லாம் வெளிய எடுங்கம்மா. தப்பு என் பேர்லதான். ஏட்டு பிழைச்சுட்டான்" என்றவர், கதவோரம் சட்டென்று நின்றார்.

குனிந்தார். கருகிய ரோஜாவின் தொட்டியில் ஒரு பிடி மண் எடுத்து மோந்து பார்த்தார்.

பூண்டு.

"டீச்சர்... நீங்களுமா?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"காலையில நான் அந்தக் கத்து கத்தினேனே, அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"கிண்ணத்தை நீட்டிட்டு என் முகத்தையே ஆசையாப் பார்ப்பீங்களே சார்! அந்த முகத்தைப் பார்த்து சூப் நல்லா இல்லைன்னு சொல்றதுக்கு, வீட்டைக் காலி பண்றதே சுலபம்னு தோணிச்சு."