திறந்த கதவு

கண்ணாடிக் கோபுரத்தின் வாசல் நிழலில் ஒதுங்கிய எங்கள் வேன் டிரைவரைக் காவலாளி வெயிலுக்கு விரட்டுகிறார். "டிரைவருங்க இங்க நிக்கக் கூடாது." காலையிலிருந்து எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டியவர் படியிறங்குகிறார். கீழே உச்சி வெயிலில் தார்ச்சாலை கானலாய் நெளிகிறது. என் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தானியங்கிக் கதவின் நடுவில் போய் நின்றுகொள்கிறாள். மூட வந்த கண்ணாடிகள் அவளைத் தொடாமல் பின்வாங்க, உள்ளிருந்து குளிர்காற்று படிகளில் கொட்டுகிறது. "ஒண்ணு உள்ள போங்க, இல்ல வெளிய வாங்கம்மா. ஏசி வீணாப் போகுது," என்கிறார் காவலாளி. "வீணாப் போகாது. டிரைவர் அண்ணே, நீங்க இப்படி வந்து நில்லுங்க." உள்ளே லிஃப்ட் கதவைப் பிடித்தபடி அத்தான், "மேல போய் ஊரைப் பாக்க வேணாமா?" என்கிறார். "நான் பாத்தாச்சு," என்கிறாள் அக்கா, அசையாமல். டிரைவர் தயங்கித் தயங்கி ஒரு படி ஏறுகிறார்.