பிலோமினாவின் காலடி

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிலோமினாவுக்கு, அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாளே இரண்டு கால்களிலும் மோட்டாரில் இயங்கும் நடைச்சட்டத்தைப் பூட்டிவிட்டார்கள். அதுவே காலைத் தூக்கி, நீட்டி, பதமாக ஊன்றியது. வலியில்லை, விழவும் விடாது. அதைப் போட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடந்தார்கள், அவ்வளவுதான்.

அவள் கணவர் லூர்துக்குக் கண் தெரியாது. முப்பது வருடமாகக் காலடிச் சத்தத்தில்தான் மனைவியை அறிந்தவர். இப்போது அவள் அறைக்குள் வரும்போதெல்லாம், "யாரு வந்திருக்கா?" என்று திடுக்கிட்டார். ஒருநாள் யாரோ வேற்றுப் பெண் என்று நினைத்து, அவசரமாகச் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டார். பிலோமினாவுக்கு அழுகை வந்துவிட்டது.

பயிற்சி கொடுக்க வந்த நர்மதாவிடம், "இதக் கழட்டிரும்மா" என்றாள்.

"கழட்டினா வலிக்கும் ஆன்ட்டி. வாக்கரப் பிடிச்சு முதல்லருந்து பழகணும். ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும்."

"ஆகட்டும்."

வலிக்கத்தான் செய்தது. முதல் வாரம் கட்டிலைச் சுற்றி வருவதற்குள் நைட்டி வியர்வையில் நனைந்தது. விழுந்துவிடாமல் நர்மதா அவள் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டே கூட வந்தாள். பத்தாவது வாரம், ஒரு கைத்தடியோடு, வலது காலைச் சற்றே இழுத்தபடி பிலோமினா தனியாகக் கூடத்துக்கு நடந்து வந்தாள்.

ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த லூர்து சத்தம் வந்த பக்கம் திரும்பினார்.

"என்ன பிலோமி, நொண்டுற? ரொம்ப வலிக்கா?"

"ஆமாங்க, வலிக்கு" என்று சிரித்தபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.