ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்

இறைச்சிக் கறிச் சட்டியை மூடிவிட்டு மாஸ்டர் நிமிர்ந்து நின்று, "ஒண்டு" என்றார்.

வீட்டுக்குள் பேச்சு நின்றது.

லண்டனில், மிச்சம் என்ற இடத்தில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருக்கும் வீடு அது. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மாஸ்டரின் அணியில் மிஞ்சிய ஐந்து பேரும் அங்கே கூடிச் சாப்பிடுவார்கள். சாப்பிட முன்னர் இலக்கம் சொல்ல வேண்டும். யாருக்கு என்ன அவசர ஷிப்ட் இருந்தாலும் அது மட்டும் தவறாது.

ஐவரும் தாங்களாகவே போய்ப் படையணியில் சேர்ந்தவர்கள். எவரும் வந்து பிடித்துக்கொண்டு போகவில்லை. இங்கே ஒருவன் பஸ் ஓட்டுகிறான், ஒருவன் கோழிக்கடையில் நிற்கிறான். ஆனாலும் அந்தப் பெருமையில் ஒருவனுக்கும் குறைச்சல் இல்லை.

அந்த நாளில் ஷெல்லடி ஓய்ந்ததும் புகைக்குள் முகம் தெரியாது. ஒன்றிலிருந்து பத்துவரை அவரவர் இலக்கத்தை அவரவர் சொல்வார்கள். ஓர் இலக்கம் வராவிட்டால் ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருப்பார்கள். பிறகு அடுத்தவன் சொல்வான். வராதவன் கணக்கில் இல்லை.

லண்டனிலும் அப்படியே. செத்தவனுக்கு ஒரு மூச்சு.

சண்முகராசா எட்டாம் இலக்கம். பொல்லாத அவசரக்காரன் என்று பெயரெடுத்தவன். பக்கத்தில் இருக்கும் யாக்கோப்பு ஆறு என்று சொல்லி வாய் மூட முன்னரே இவனுடைய எட்டு வந்து விழுந்துவிடும். ஏழாம் இலக்கத்துக்கு அவன் அரை மூச்சுகூட விட்டதில்லை. கறி ஆறிவிடுமென்று பயம் என எல்லோரும் பகிடி பண்ணுவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

இந்த வருடம் சிரிக்க முடியவில்லை. ஏழாம் இலக்கத்தின் தங்கை வந்திருந்தாள்.

சயந்தினி. கலியாணம் கட்டிப் பக்கத்துக் கோலியர்ஸ் வுட்டுக்கு வந்தவள். அவளுடைய தாய், போன மாசியில் கண்ணை மூடும்வரை, மகன் கிருஷாந்தின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊரில் தெருவோரப் பந்தலில், பிள்ளைகள் காணாமல் போன மற்றத் தாய்மாருடன் இருந்தவர். மகன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்பதுதான் அவருடைய பிடிவாதம். அதனால் கிருஷாந்துக்கு இத்தனை வருடமாய் ஒரு திவசமும் இல்லை.

தாய் போனபின் திவசம் செய்யும் வேலை இவள் தலையில் விழுந்தது. அண்ணன் செத்துவிட்டான் என்று கண்ணால் கண்ட ஒருவர் சொன்னால் போதும், ஐயரிடம் போய்ப் பெயரும் திதியும் கொடுத்துவிடுவாள். அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

கடைசியாக அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் சண்முகராசா. மாடிப்படியிலேயே அவளை மறித்துச் சொல்லிவிட்டான்.

"உடன போயிட்டான், தங்கச்சி. ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் தாராளமாச் செய்யலாம்."

அவள் அழவில்லை. அவனுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இனி அம்மாவும் நிம்மதியாக இருப்பா என்றாள்.

இன்றைக்காவது கிருஷாந்துக்கு ஒரு முழு மூச்சு விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மேலே ஏறி வந்திருந்தான்.

இரண்டுக்கு ஒரு மூச்சு. மூன்றுக்கு ஒரு மூச்சு. கதவடியில் நின்றவன் நாலு என்றான். ஐந்துக்கு ஒரு மூச்சு. யாக்கோப்பு ஆறு என்றான்.

சண்முகராசா வாயை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தான். மெதுவாக விட்டான். கீழே தெருவில் ஒரு பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. யன்னலால் நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தது.

அப்போது கேட்டது.

ஏழு.

இடது பக்கத்தில், தரையோடு தரையாக. வாய் நிறையச் சேற்றை வைத்துக்கொண்டு சொன்னது போல.

யாக்கோப்பு ஏனென்று தெரியாமல் தன் காலைத் தூக்கிக் கதிரையில் மடித்து வைத்துக்கொண்டான்.

சண்முகராசாவுக்குப் பயமென்றால் அப்படியொரு பயம். அது மறுபடியும் சொல்லப்போகிறது, இன்னும் கொஞ்சம் பலமாகச் சொல்லப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

"எட்டு!"

கத்தியே விட்டான். குசினிக்குள் ஏதோ பாத்திரம் அதிர்ந்தது. அடுத்ததாகச் சொல்ல வேண்டியவன் சொல்ல மறந்து அவனைப் பார்த்தான்.

சயந்தினி அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கும் யாக்கோப்புக்கும் நடுவில் கிடந்த வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு முன்னால ஆரோ சொன்ன மாதிரிக் கிடந்தது, அண்ணை. நீங்கள் கத்தினதில விளங்கேல்லை."

மாஸ்டர் கையிலிருந்த அகப்பையை மேசையில் வைத்தார். அவருடைய முகம் மெல்ல மெல்ல மாறியது.

காயப்பட்டவன் இலக்கத்தைச் சொல்லிவிட்டால், அவனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியது அவனுக்கு அடுத்த இலக்கம். அது அவர்களுடைய படையணியின் சட்டம். கிருஷாந்த் விழுந்த அன்றைக்கு ஆமி நூறு யார் தூரத்துக்குள் வந்துவிட்டிருந்தது. ஒருவனைச் சுமந்துகொண்டு பின்னால் கிடந்த வெட்டவெளியை உயிரோடு கடந்தவர்கள் இல்லை.

பதினேழு வருடத்துக்கு முன்னர், புகைக்குள், பதுங்குகுழியின் மறுகோடியிலிருந்து மாஸ்டரும் இதையேதான் கேட்டார். ஏழு ஏதோ சொன்ன மாதிரி இருந்தது, எட்டு கத்தியதில் விளங்கவில்லை என்று.

ஏழு இல்லை என்று சண்முகராசா திருப்பிச் சொன்னான். சொல்லிக்கொண்டே, தன் கணுக்காலைப் பிடித்திருந்த கையை விரல் விரலாகக் கழற்றினான்.