வாத்துக்கு விட்ட இடம்

சன்னல் வெயில் விழும் தரையில் தச்சர் மண்டியிட்டிருக்கிறார். எதிரே ஒன்றரை வயது மகள். நடுவில், அவர் நேற்று முழுக்க அவளுக்காக இழைத்த புதிர்ப் பலகை; அதில் வாத்து வடிவத்தில் ஒரே ஒரு குழி. குழந்தை குழிக்குள் விரலை விட்டுப் பார்க்கிறாள், முகத்தைக் கவிழ்த்து எட்டிப் பார்க்கிறாள், பிறகு மரவாத்தை அதன்மேல் வைத்து உள்ளங்கையால் தட்டுகிறாள். இறங்கவில்லை. "மயிரிழை சந்து கிடையாது, பாத்தியா!" என்று மனைவியிடம் பெருமை அடிக்கிறார் தச்சர். "அலமாரிக் கதவா செஞ்சீங்க? பிஞ்சுக் கைங்க அது!" என்கிறாள் அவள். குழந்தையின் கீழுதடு பிதுங்குகிறது. இன்னும் ஒரு தட்டு, அவ்வளவுதான். வாத்தை வீசிவிடுவாள், அப்புறம் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். தச்சர் அவசரமாக வாத்தை வாங்கி, மனசே இல்லாமல் உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்க்கிறார். வெயிலில் தூள் பறப்பதை மகள் அழ மறந்து வாய் பிளந்து பார்க்கிறாள். "இந்தாடா கண்ணு, இப்ப வை." வாத்து லொடக்கென்று விழுகிறது. "ஐயோ, எவ்வளவு சந்து!" என்று முனகுகிறார். மகளோ எடுக்கிறாள், போடுகிறாள், மறுபடி எடுக்கிறாள். பிறகு அதை அவர் கையில் திணித்துக் குழியைக் காட்டுகிறாள். "ப்பா!" தச்சர் வாத்தைக் கோணலாகவே போடுகிறார்; அப்படியும் அது லொடக்கென்று உள்ளே விழுகிறது.