றஞ்சிதத்தின் கிணறு

பக்கத்து வீட்டு வேலிச் சண்டைக்காரி றஞ்சிதத்தின் கிணற்றுத் தண்ணீர் தன் கிணற்றுக்குள் ஊறுவதால்தான் தன் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று டினோஜா அடித்துச் சொன்னாள். அந்தக் கிணற்றை மூடுவித்துவிட்டுத்தான் அவளுக்கு மற்ற வேலை.

ஆய்வுகூடத்து நிறஞ்சலா முடிவைச் சொன்னாள். "ஒரே பேர்க் கிருமியெண்டாலும் வீட்டுக்கு வீடு மரபணு வித்தியாசப்படும். ஆனால் பிள்ளையின்ர கிருமியும் நீங்கள் தந்த தண்ணியில இருந்ததும் அச்சொட்டா ஒண்டு."

டினோஜாவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. "மடு மாதா காட்டிக் குடுத்திட்டா, மிஸ். இனி அவள் எப்பிடித் தண்ணி அள்ளுறாள் எண்டு பாப்பம்."

"உங்களை அள்ள விட்டவவோ?"

"விடுவாளோ? களவாத்தான் அள்ளினனான். நீங்கள் தந்த போத்திலைக் கண்டால் பிடிச்சிடுவாள். வேற போத்திலில அள்ளி, இஞ்ச வாசலில வைச்சுத்தான் மாத்தி ஊத்தினனான்."

"எந்தப் போத்திலில?"

டினோஜா பெருமையோடு இடுப்பிலிருந்த பிள்ளையைக் காட்டினாள். அவன் அதில்தான் பால் சப்பிக்கொண்டிருந்தான்.