படகோட்டிக்கு என்ன தண்டனை?

“கதையை இத்தோட நிறுத்தறேன். மிச்சத்தை நீங்கதான் முடிக்கணும், அதுவும் இங்க படிக்கிற மொழியிலேயே” என்று ஆசிரியை புத்தகத்தை மூடினாள்.

வெளிநாடு போகிறவர்களுக்கு மொழி கற்றுத்தரும் மாலை வகுப்பு அது. கதையில், படகோட்டி கண்ணயர்ந்ததால் படகு கவிழ்ந்து, ஒரு தாயின் ஒரே மகன் ஆற்றோடு போய்விட்டான். ‘இவனை என்ன செய்யலாம்?’ என்று அரசன் அந்தத் தாயையே கேட்கிறான்.

“ஜெயில்ல போடணும்” என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள் நர்ஸ்.

“தலையை வாங்கணும்” என்றார் வெல்டர். ஒரு பிழை இல்லை.

கடைசி பெஞ்சிலிருந்து தையல்காரம்மா எழுந்தாள். மகன் இருக்கும் ஊருக்குப் போகத்தான் அவள் படிக்கிறாள் என்பது வகுப்புக்கே தெரியும். வாய்க்குள் ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்தது. “நெடிலைக் குறிலாக்கிட்டீங்கம்மா, அந்த மொழியில அர்த்தமே மாறிடும். ‘விட்டுடுங்க’ன்னு சொல்ல வந்து ‘வெட்டிடுங்க’ன்னு சொல்லிட்டீங்க.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தையல்காரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

“வாய் தவறினாலும் சரியாத்தான் வந்திருக்கு அக்கா” என்றார் வெல்டர். “பெத்த பிள்ளையைப் பறிகொடுத்தவ எங்கயாவது விட்டுடுங்கன்னு சொல்லுவாளா? கதைன்னாலும் காதுல பூ சுத்தக் கூடாதில்ல?”

அவள் உட்கார்ந்து அந்த வார்த்தையை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வகுப்பு கலைந்த பிறகும் போகாமல் நின்றாள். “டீச்சர், அதை இன்னொரு தடவை சொல்லிக் குடுங்க.”

ஆசிரியை சொல்லிக் கொடுத்தாள். அந்த நெடில் மட்டும் நாக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. கழுத்து நரம்பு புடைக்க மறுபடியும் முயன்றாள். நன்றாக இருட்டிவிட்டது. ஆசிரியை மின்விசிறியை நிறுத்தினாள்.

“போதும்மா. கடை, பஸ், ஆஸ்பத்திரின்னு அங்க தினமும் வேண்டிய வார்த்தையே எவ்வளவோ கிடக்கு. இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? பையன்கிட்ட நம்ம பாஷையிலதானே பேசப் போறீங்க?”

“அவன்கிட்ட பேச எந்த பாஷையும் வேண்டாம் டீச்சர், அவனை அங்கயே புதைச்சாச்சு. தகராறுல அவனைக் குத்தின பையனை என்ன செய்யலாம்னு அடுத்த வாரம் ஜட்ஜ் என்னைத்தான் கேப்பாராம். அந்தப் பையனோட அம்மாவும் எதிர்ல நிப்பா, அவ காதுல நான் தப்பா சொல்லிடக் கூடாது.”